ஊர் வானொலியில் ஒரு வாரம் ஜாஸ்

சமுதாய வானொலியில் ஜாஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் இரவு பதினோரு மணிக்குப் போடாதீர்கள். ஜாஸ் என்றால் தூக்கம் வராதவர்களுக்கான பின்னிரவுச் சங்கதி என்ற எண்ணம் பெருநகர வானொலிகளிலிருந்து வந்தது. அங்கே அந்த நேரத்தில் கேட்பவர்கள் ஏற்கெனவே ஜாஸ் தெரிந்தவர்கள். சிற்றூரில் நம் வேலை வேறு. ஜாஸ் என்ற பேரையே கேட்டிராதவர்களுக்கு, அவர்கள் கைவேலையில் இருக்கும் நேரத்தில், அவர்கள் காதுக்குப் பழகிய ஒலியிலிருந்து தொடங்கிக் கொண்டுபோக வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு விருத்தாசலத்தை மாதிரி ஊராக வைத்துக்கொள்கிறேன். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ரயில் ஜங்ஷனும் உள்ள ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு இங்கே முக்கியம் அதன் பீங்கான் தொழில். தொழிற்பேட்டைச் சூளைகள், கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் என்று ஊரின் பாதிப் பேச்சு மண்ணைப் பற்றியது. அச்சில் வார்ப்பவர்களுக்கும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர்களுக்கும் கை ஓயாது, கண் நகராது, காது மட்டும் சும்மா இருக்கும். வானொலிக்கு இதைவிட நல்ல நேயர் கிடைக்க மாட்டார்.

சமுதாய வானொலியின் எல்லையை முதலில் மனத்தில் வையுங்கள். 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கும் 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் மத்திய அரசு இந்தக் கதவைத் திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பொதுவாக 100 வாட் திறன், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம். விருத்தாசலம் அமைந்த சமதளமான நடுநாட்டில் ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கோடு உருவாக வேண்டும் என்பது விதி. ஜாஸ் வாரத்துக்கு இந்த விதி தடையென்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த வாரத்தின் உயிர். வெறும் அமெரிக்க இசைத்தட்டுகளை வரிசையாக ஓட்டினால் விதியும் மீறப்படும், நேயரும் ஓடிவிடுவார். ஒவ்வொரு நாளும் அரை மணி நிகழ்ச்சியில் பாதி இசைத்தட்டு, பாதி ஊர்க்குரல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் சரியாகும்.

நாள்: ஏப்ரல் 24 முதல் 30 வரை. ஏப்ரல் 30-ஐ உலக ஜாஸ் நாளாக யுனெஸ்கோ 2011-ல் அறிவித்தது. 2012 முதல் கொண்டாடப்படுகிறது. நேரம்: பிற்பகல் இரண்டரை முதல் மூன்று. சாப்பாடு முடிந்து மீண்டும் வேலையில் உட்கார்ந்திருப்பார்கள். மறு ஒலிபரப்பை இரவு ஒன்பதுக்கு வைக்கலாம். கடை அடைப்பவர்களும் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களும் கேட்பார்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி நடக்கிறது. யாருக்காக வானொலியோ அவர்களுடைய வேலைதான் நேர அட்டவணையைப் போட வேண்டும்.

முதல் நாள்: பேண்ட் செட்

இந்த ஒரு நாளுக்காகவே மற்ற ஆறு நாளையும் திட்டமிடலாம் என்பேன். ட்ரம்பெட், கிளாரினெட், சாக்ஸஃபோன், பெரிய டிரம் ஆகிய வாத்தியங்களை நம் ஊர்க்காரர் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கல்யாண ஊர்வலத்திலும் சாமி புறப்பாட்டிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் ஜாஸ் பிறந்ததும் இதே மாதிரித் தெருவில்தான். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்தில், இடுகாட்டுக்குப் போகும்போது பேண்ட் குழு மெதுவான துக்கப் பாட்டை வாசிக்கும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளல் மெட்டுக்கு மாறும். பின்னால் வரும் கூட்டம் ஆடும். 1901-ல் அந்த ஊரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், சிறுவர் சீர்திருத்த இல்லத்தின் பேண்ட் குழுவில் கார்னெட் வாசித்து மேலே வந்தவர்.

இந்த நாளுக்கு ஜெல்லி ரோல் மார்டன் 1926-ல் பதிவு செய்த ‘டெட் மேன் ப்ளூஸ்’ ஒன்று போதும். மூன்றே நிமிடத்தில் ஒரு சாவு ஊர்வலம் முழுதும் அதில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஊர் பேண்ட் மாஸ்டரின் குரல் வர வேண்டும். அவரை நிலையத்துக்கு அழைத்து மேசை முன்னால் உட்கார வைக்காதீர்கள். அவர் வாத்தியங்களைத் துடைத்து மாட்டியிருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். “எந்த வயதில் கற்றீர்கள்” என்று தொடங்கினால் பேட்டி இறுகிவிடும். “அண்ணே, சாவு வீட்டுலேருந்து எடுக்கும்போது என்ன வாசிப்பீங்க? காரியம் முடிஞ்சு திரும்பும்போது வாசிப்பீங்களா, மாட்டீங்களா?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். பேசிக்கொண்டே அவர் வாத்தியத்தை எடுத்து ஊதிக் காட்டினால் குறுக்கே பேசாதீர்கள்.

பேண்டும் பறையும் வாசிப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு வாசற்படி தாண்டி என்ன மரியாதை கிடைத்தது என்பது ஊருக்குத் தெரியும். வானொலியில் அவர்களுக்கு முழுப்பெயரும் ‘கலைஞர்’ என்ற அடைமொழியும் சன்மானமும் கட்டாயம் இருக்க வேண்டும். இலவசமாக வந்து வாசித்துவிட்டுப் போகச் சொல்வது தவறு.

அறிவிப்பாளருக்கு ஒரு மாதிரி உரை:

“வணக்கம். இப்ப நீங்க கேக்கப் போறது 1926-ல பதிவான இசை. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு ஊரு. அங்கயும் சாவுன்னா பேண்ட் செட்டு வரும். போவும்போது மெதுவா வாசிப்பாங்க, திரும்பும்போது ஆடுற மாதிரி வாசிப்பாங்க. இதுல முதல்ல ரெண்டு பேரு பேசிக்குவாங்க, அப்புறம் பேண்டு. எந்த எடத்துல வேகம் மாறுதுன்னு மட்டும் கவனிங்க.”

இவ்வளவுதான். நேயருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். எந்த இடத்தைக் கவனிப்பது என்று தெரிந்தால் காது தானே திறக்கும். கலைஞர் வாழ்க்கை வரலாறு, இசைத்தட்டுக் கம்பெனிப் பெயர், பதிவான தேதி எல்லாவற்றையும் கொட்டினால் மூடிக்கொள்ளும்.

இரண்டாம் நாள்: சினிமாப் பாட்டு

நேயர் பயத்தை முழுதாகப் போக்கும் நாள் இது. 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் பாடல் பதிவுக் கூடத்தையே படமாக்கியிருப்பார்கள், எம்.எஸ். விஸ்வநாதன் திரையில் தோன்றி வாத்தியக் குழுவை நடத்துவார். அந்தப் பாட்டைப் போட்டு, எந்தெந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று சொல்லுங்கள். அறுபதுகளின் தமிழ்த் திரையிசையில் க்ளப் காட்சி என்றால் பித்தளை வாத்தியமும் பாங்கோவும் வந்துவிடும். கேட்டவர்கள் அதை ஜாஸின் நிழல் என்று தெரியாமலே ரசித்தார்கள்.

இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ (1986) தொகுப்பையும் இந்த நாளில் சேர்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். அது ஜாஸ் அல்ல. இசையமைப்பாளர்கள் பாக், தியாகராஜர் இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட படைப்பு. மேற்கத்திய வாத்தியம் கேட்டாலே ஜாஸ் என்று அறிவிக்கும் பழக்கம் வந்தால் ஏழு நாள் உழைப்பும் வீண். அந்தத் தொகுப்புக்குத் தனியாக ஒரு வாரம் வையுங்கள். அது அதற்குத் தகுதியுள்ளது.

மூன்றாம் நாள்: சாக்ஸஃபோன்

‘டூயட்’ (1994) படம் வந்தபின் தமிழ்நாட்டில் சாக்ஸஃபோன் என்றால் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்ட் குழுவில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கி, கமகம் பிடிக்கும்படி அதன் உறுப்புகளில் மாற்றம் செய்து, கர்நாடக இசைக்கு அதை வசப்படுத்தினார். 1980-ல் பம்பாய் ‘ஜாஸ் யாத்ரா’ விழாவில் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 2008-ல் அமெரிக்காவாழ் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’ என்ற ஜாஸ் தொகுப்பில் சேர்ந்தார். 2019 அக்டோபர் 11 அன்று மறைந்தார். அவர் வாசித்த ஒரு ராக ஆலாபனையை முதலில் போடுங்கள். அடுத்து சார்லி பார்க்கர் 1945-ல் பதிவு செய்த ‘நவ்ஸ் த டைம்’. இரண்டிலும் கலைஞர் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கிறார். நம்மவர் மனோதர்மத்துக்கு எல்லை போடுவது ராகம். பார்க்கருக்கு எல்லை போடுவது பன்னிரண்டு அளவுகள் கொண்டு திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்று. நேயரிடம் “சுற்று எங்கே முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று பாருங்கள்” என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ (1928). தொடக்கத்தில் தாளம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் தனியே எழும் சில நொடிகளை, கச்சேரி கேட்டுப் பழகிய எந்தப் பெரியவரும் உடனே புரிந்துகொள்வார்.

நான்காம் நாள்: கைத்தாளம்

டேவ் புரூபெக் குழு 1958-ல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியாவுக்கும் வந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ‘டைம் அவுட்’ தொகுப்பில் உள்ள ‘டேக் ஃபைவ்’ ஐந்து அட்சரத்தில் ஓடுவது. இயற்றியவர் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். மேற்கே அதைக் கேட்டவர்களுக்கு அந்த ஐந்து புதுமை. நமக்குக் கண்ட சாபு வீட்டுப் பழக்கம். ஒரே வேறுபாடு: நாம் ‘தக தகிட’ என்று இரண்டும் மூன்றுமாகப் பிரிப்போம்; ‘டேக் ஃபைவ்’ ‘தகிட தக’ என்று மூன்றும் இரண்டுமாக விழும். மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இருவரை நிலையத்துக்கு அழைத்து இரண்டையும் கைதட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே தொகுப்பின் ‘ப்ளூ ரோண்டோ’ இன்னும் சுவையானது. புரூபெக் இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் கேட்டது. ‘தக தக தக தகிட’ என்று ஒன்பது, மூன்று முறை. நான்காவது முறை ‘தகிட தகிட தகிட’. பிள்ளைகள் இதை ஒரே மாலையில் பிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள்: மண்ணின் ஒலி

பீங்கான் ஊருக்கென்றே அமைந்த நாள். விக்கு விநாயக்ராமின் கடம் ஒலிக்கும் ‘சக்தி’ குழுவின் முதல் தொகுப்பு 1975-ல் அமெரிக்காவில் ஒரு மேடையில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கூட ஒரு மண்பானை. பல ஆண்டுகள் கழித்து விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இடம்பெற்ற ‘சக்தி’யின் ‘திஸ் மொமன்ட்’ 2024-ல் கிராமி விருது பெற்றது.

கடத்துக்குப் பேர்போனது மானாமதுரை. ஆனால் மண்ணைத் தட்டிக் கேட்கும் பழக்கம் விருத்தாசலத்துக்கும் உண்டு. சூளையிலிருந்து எடுத்த சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி செத்து வரும். பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போய் இந்தச் சுண்டலைப் பதியுங்கள். சுட்ட களிமண் அகல், மெருகேற்றிய ஜாடி, ஃபியூஸ் கேரியர், விரிசல் விட்ட ஒரு பொம்மை என்று வரிசையாகத் தட்டச் சொல்லுங்கள். செராமிக் படித்த ஒருவரை, ஏன் ஒலி மாறுகிறது என்று ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள்: அதிக வெப்பத்தில் மண் துகள்கள் இறுகிக் கண்ணாடித்தன்மை பெறப்பெற ஒலி கூர்மையாகும், நீளும், விரிசல் அதிர்வை இடையில் அறுத்துவிடும். பிறகு ‘சக்தி’யின் கடத் தனியைப் போடுங்கள். காலமெல்லாம் சாமானைச் சுண்டிப் பார்த்த கை கொண்டவர்கள் அந்த வாசிப்பை வேறு யாரைவிடவும் நுட்பமாகக் கேட்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆறாம் நாள் இரண்டு பெண்களுக்கு. பில்லி ஹாலிடே 1939-ல் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’, கறுப்பினத்தவர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றியது. அவருடைய வழக்கமான கம்பெனி பதிவு செய்யத் தயங்கியது. வேறொரு சிறிய கம்பெனி பதிந்தது. பாட்டின் பொருளைத் தமிழில் உரைநடையாக, மென்மைப்படுத்தாமல் சொல்லுங்கள். சாதிக் கொடுமையைப் பார்த்த ஊர்களுக்கு மேல்விளக்கம் வேண்டாம். மற்றவர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1971-ல் வந்த அவருடைய ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ தொகுப்பின் பெயரில் இருப்பவர், கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. தம்புராவும் ஹார்ப்பும் சேர்ந்து ஒலிக்கும் அந்த இசை பிற்பகல் நேரத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

ஏழாம் நாள், ஏப்ரல் 30, இசைத்தட்டே வேண்டாம். முதல் நாள் வந்த பேண்ட் மாஸ்டர், கோயில் நாதஸ்வரக்காரர், நான்காம் நாள் பிள்ளைகள், ஊரில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் என்று சேர்த்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தெம்மாங்கு மெட்டைக் கொடுங்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிக்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு சுற்று, அவரவர் விருப்பப்படி. மற்றவர்கள் தாளம் பிடிக்க வேண்டும். கடைசியில் மறுபடி மெட்டு. ஜாஸ் குழுக்களின் வழக்கமான முறை இதுதான். நேரலையாகவே போங்கள். சுருதி சேர ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள். நாதஸ்வரமும் சாக்ஸஃபோனும் ஒத்துப்போக அந்த நேரம் தேவைப்படும்.

உரிமை

பல நிலையங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. யூடியூபில் கிடைக்கிறது என்பது ஒலிபரப்ப அனுமதி ஆகாது. ஒவ்வொரு இசைத்தட்டிலும் இரண்டு உரிமைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இசையமைப்பின் உரிமை, இயற்றியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பலர் சேர்ந்து இயற்றியிருந்தால் கடைசியாக இறந்தவரின் கணக்கு.

மார்டன் 1941-ல் இறந்தார், பதிவு 1926: இரண்டும் முடிந்தன. ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ மெட்டு கிங் ஆலிவருடையது, அவர் 1938-ல் இறந்தார்: முடிந்தது. பார்க்கர் 1955: முடிந்தது. ‘டேக் ஃபைவ்’ பதிவின் உரிமை 2019 முடிவோடு தீர்ந்தது, ஆனால் டெஸ்மண்ட் 1977-ல் இறந்ததால் மெட்டின் உரிமை 2037 வரை நிற்கும். ‘சக்தி’, ஆலிஸ் கோல்ட்ரேன், கத்ரி, திரைப்பாடல்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். மெட்டுக்கும் பாடல் வரிக்கும் அனுமதி தருவது ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு, ஒலிப்பதிவுக்கு பி.பி.எல். அமைப்பு அல்லது நேரடியாக இசைத்தட்டுக் கம்பெனி. சமுதாய வானொலி என்பதைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: 1940-களில் பதிவாகி 1990-களில்தான் முதன்முதலாக வெளியான பதிவுகளும் உண்டு. வெளியான ஆண்டுதான் கணக்கு.

குரலும் ஒலியும்

‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத கோடிக்கணக்கானோர் உலகெங்கும் கேட்டார்கள். அவர் நிதானமாக, எளிய சொற்களில், குறைவாகப் பேசினார். நம் அறிவிப்பாளர்களுக்கு அவரே முன்மாதிரி. ஆங்கிலப் பெயர்களை அமெரிக்கச் சாயலில் இழுத்துச் சொல்ல வேண்டாம். நடுநாட்டுப் பேச்சிலேயே பேசுங்கள். உள்ளூர் வட்டார வழக்கில் நிகழ்ச்சி நடத்துவதை அரசின் வழிகாட்டுதலே விரும்புகிறது. சொல் தேடும்போது கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளின் கரகரப்பை மென்பொருளால் முழுதும் துடைக்காதீர்கள். ட்ரம்பெட்டின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். கைப்பேசி ஒலிபெருக்கியில் டபுள் பேஸ் காதில் விழாது, ஆகவே அதை மட்டும் நம்பும் பகுதிகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒலிபரப்புக்கு முன் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு சாதாரணக் கைப்பேசியில், மின்விசிறி ஓடும் அறையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தனியாக வாசிக்கும்போது மேலே பேசுவதோ விளம்பரம் செருகுவதோ கூடவே கூடாது. மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரத்துக்கு இடம் உண்டு. 2024-ல் 7-லிருந்து உயர்த்தினார்கள். உள்ளூர்ப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் கலைஞர்களின் சன்மானத்துக்காவது வழி பிறக்கும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் பதிவுகளை மட்டும் என்றைக்கும் அழிக்காதீர்கள். அவை ஊரின் சொத்து.

வேலையைப் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். உரிமைக் கடிதங்கள் முதலில் போகட்டும். மாசி மகத் திருவிழா முடிந்த கையோடு பேண்ட் மாஸ்டரைப் போய்ப் பார்த்து, பேட்டியைப் பங்குனிக்குள் பதிந்துவிடுங்கள். ஏப்ரல் 30-க்கான முன்பணத்தையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். சித்திரையில் முகூர்த்தம் தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.